விட்டுவருவதும் சேர்ப்பதும்

போன மார்கழியில் எங்கள் தெருக்கோடி டிரான்ஸ்பார்மருக்கு அடியில், வீடு கட்ட யாரோ கொட்டிவைத்து மறந்துபோன மணல் குவியலில், ஒரு செம்பட்டை நாய் ஆறு குட்டி போட்டது. அம்பத்தூர் முடிந்து திருமுல்லைவாயல் தொடங்கும் பக்கம் எங்கள் தெரு. குட்டிகள் கண் திறப்பதற்குள் பஞ்சாயத்து கூடிவிட்டது. இஸ்திரி வண்டிக்காரர் சொன்னார்: "ஆறுல நாலு பொட்டைங்க சார். யாரும் எடுக்க மாட்டாங்க. கொஞ்சம் ஓட ஆரம்பிச்சதும் கோணியில போட்டு செங்குன்றம் தாண்டி விட்டுட்டு வந்துடலாம்." மாடி வீட்டுக் கல்லூரிப் பெண் குறுக்கே வந்தாள்: "வேணாண்ணே, கொஞ்ச நாள் பொறுங்க. பெங்களூர்ல கேட்டு வெச்சிருக்கேன். ஒண்ணொண்ணா சேர்த்துடலாம்."

இருவர் கேட்டதும் ஒன்றுதான்: குட்டிகள் இந்தத் தெருவில் இருக்க வேண்டாம். செங்குன்றம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், பெங்களூர் முந்நூற்றைம்பது. ஆனால் அவர் சொன்னது 'விட்டுட்டு வர்றது', அவள் சொன்னது 'சேர்க்கிறது'. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம், நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்ப்போம். மறுமுனையில் பெயர் எழுதி வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருந்தால்தான் அந்தச் சொல் வாயில் வரும். சென்னையின் மேற்குப் புறநகரில் தெருநாய்களுக்கு நடப்பதை நான் பார்த்தவரை, எல்லாச் சிக்கலும் இந்த இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

முதலில் எண்ணிக்கை. பெருநகர சென்னை மாநகராட்சி 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் நகரத்துத் தெருநாய்கள் ஏறக்குறைய 1.81 லட்சம். 2018இல் அது 60,000க்கும் கீழே இருந்தது. ஆறு ஆண்டில் மும்மடங்கு என்று பத்திரிகைகள் எழுதின. கணக்கெடுக்கும் முறை இரண்டு முறையும் ஒன்றா என்று பார்க்காமல் இப்படிப் பெருக்கிச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் ஒரு தகவலில் தயக்கம் இல்லை: 15 மண்டலங்களில் அதிக நாய்கள் இருந்தது அம்பத்தூரில், 24,000க்குச் சற்றுக் குறைவு. ஆலந்தூரில் 5,000கூட இல்லை.

அம்பத்தூருக்கு ஏன் இந்தப் 'பெருமை' என்று ஊர்க்காரனுக்குத் தெரியும். 1960களில் வந்த தொழிற்பேட்டை, அதைச் சுற்றிய மெஸ்கள், ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காக நள்ளிரவிலும் கொத்துப் பரோட்டா தட்டும் கடைகள், கறிக்கடைக் கழிவு, மதில் எழுப்பிப் பூட்டிய காலி மனைகள், ஏரிக்கரை. ராத்திரி வாட்ச்மேனுக்குத் துணை நாய்தான். பட்டறை மூடினால் வாட்ச்மேன் வேறு இடம் போய்விடுவார், நாய் போகாது. ஆவடியின் கதை கொஞ்சம் வேறு. டாங்கித் தொழிற்சாலையும் படைக் குடியிருப்புகளும் உள்ள ஊர் என்பதால் மாற்றல் உத்தரவோடு வாழ்கிற குடும்பங்கள் நிறைய. ஆசையாக வளர்த்த லாப்ரடாரை அடுத்த ஊருக்குக் கொண்டுபோக முடியாதவர் அதை யாரிடமாவது தள்ளிவிடுவார். அந்த யாரோ ஆறு மாதத்தில் அதைக் கேட்டுக்கு வெளியே விடுவார். கழுத்துப் பட்டையின் தடம் அழியாத 'ஜாதி நாய்' ஒன்று குப்பைத்தொட்டியருகே முழித்துக்கொண்டு நிற்பதை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, எல்லைக்கோடு. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தபோது அம்பத்தூர் உள்ளே போயிற்று. ஆவடி வெளியே நின்று 2019இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி நகராட்சி. நடுவில் அயப்பாக்கம் நெடுங்காலம் ஊராட்சி. ஒரே சாலையின் இந்தப் பக்கத்து நாய்க்குக் கருத்தடை செய்யும் பொறுப்பு ஓர் அலுவலகத்துக்கு, எதிர்ப்பக்கத்து நாய்க்கு இன்னோர் அலுவலகத்துக்கு. நாய்கள் சாலையைக் கடந்துதான் இனப்பெருக்கம் செய்கின்றன.

பிடித்து ஒழிப்பதில் சென்னைக்கு நீண்ட அனுபவம் உண்டு. மாநகராட்சி 1860இல் தொடங்கிய பிடித்துக் கொல்லும் வேலை, 1990களின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய் என்ற அளவுக்குப் போயிருந்தது என்று விலங்கு நல அமைப்பான புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். பேசின் பிரிட்ஜ் பக்கத்துக் கூடத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். தோல் அவ்வளவு மிஞ்சியதால், அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதில் கழுத்து டையும் பர்ஸும் செய்து பார்த்ததாகவும் அவர் குறித்திருக்கிறார். நூற்று முப்பத்தைந்து ஆண்டு கொன்ற பிறகும் நாய் குறையவில்லை என்பதுதான் அவர் வாதத்தின் அச்சு. அவருடைய தந்தை கேப்டன் சுந்தரம், தாய் உஷா, பிள்ளைகள் சேர்ந்து தியாகராய நகர் வீட்டில் 1959இல் தொடங்கியது புளூ கிராஸ். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று அவர்கள் 1964இல் சொன்னதை மாநகராட்சி ஏற்க 1996 ஆயிற்று. முப்பத்திரண்டு ஆண்டு.

பிறகு அது நாட்டின் சட்டமாயிற்று. 2001இல் வந்த விலங்குக் கருத்தடை விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்தவையும் ஒரு விஷயத்தில் பிடிவாதமானவை: பிடித்த நாயைக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதோரம் சிறு வெட்டுப் போட்டு, எங்கே பிடித்தீர்களோ அங்கேயே விட வேண்டும். ஓரிடத்து நாய்களை அள்ளிவிட்டால், அங்கே சோறும் நிழலும் இருக்கும்வரை வேறு நாய்கள் வந்து அமரும். வருபவை தடுப்பூசி காணாதவை, சண்டை போடுபவை. கொண்டுபோய் விடப்பட்ட நாயின் கதி வேறு. புது எல்லையில் அதற்கு உரிமை கிடையாது. அந்த இடத்துக் கூட்டம் கடித்துத் துரத்தும். வெளிவட்டச் சாலையில் காலையில் அடிபட்டுக் கிடப்பவற்றில் எத்தனை முந்தைய இரவு கோணியில் வந்தவை என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

இப்படிக் கொண்டுபோய் விடுவதன் மிகப் பெரிய சாட்சியம் துருக்கியில் இருக்கிறது. 1910இல் இஸ்தான்புல் நகர நிர்வாகம் தெருநாய்களைப் பிடித்து மர்மரா கடலிலுள்ள சிவ்ரியாடா என்ற மொட்டைப் பாறைத்தீவில் கொண்டுபோய் இறக்கியது. 80,000 வரை இருக்கும் என்று சொல்வார்கள். தண்ணீர் இல்லை, தீனி இல்லை. ஊளை கரைவரை கேட்டதாம். கொன்ற பாவம் வேண்டாம், கண்காணாத இடத்தில் விட்டுவிடலாம் என்ற அந்த நினைப்புக்கும் எங்கள் தெரு இஸ்திரிக்காரரின் கோணிக்கும் அளவில்தான் வேறுபாடு. அவர் கெட்டவர் அல்லர். மத்தியானச் சாப்பாட்டில் ஒரு பிடி அந்தத் தாய் நாய்க்குப் போடுகிறவரும் அவர்தான். மிருகவதைத் தடுப்புச் சட்டம் இப்படிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் பயனாக 1960இல் வந்த சட்டம் அது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இன்றைக்கும் அதே தொகை. கோணியின் விலைகூடக் கட்டாது.

நாய்க்கும் இடத்துக்கும் உள்ள ஒட்டுதலை நம் முன்னோர் கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துவிட்டு அங்கேயே காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டு நாய் ஒன்றின் பெயர் நமக்குத் தெரிந்திருப்பது சாதாரண விஷயமல்ல.

சரி, அதே இடத்தில் விடுவதுதான் முறை என்றால், தூரத்து வீடு தேடும் வேலை எதற்கு? அந்த முறைக்குள் அடங்காத உயிர்கள் சில உண்டு. குட்டிகள் முதலில். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அறுவை செய்யக் கூடாது என்பதால் மாநகராட்சி வண்டி இவற்றைத் தொடாது. தெருவில் அந்த ஆறு மாதத்தைக் கடப்பதோ பெரும் பாடு. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு மேற்கு வங்கத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் முடிவை வெளியிட்டது. ஏழாவது மாதம் உயிரோடு இருந்தவை 19 விழுக்காடு. இறந்தவற்றில் 63 விழுக்காடு மனிதரால்: வண்டி, அடி, விஷம், தூக்கிக்கொண்டு போய்விடுதல். 'பார்வோ' என்று நாய்க்காரர்கள் பயத்தோடு சொல்லும் குடல் நோய் வேறு. எங்கள் தெருக் கணக்கு அந்த ஆய்வை ஒத்தே போயிற்று. ஒன்று தண்ணீர் லாரியின் பின்சக்கரத்தில். ஒன்று, மூன்றே நாள் இரத்தமாகக் கழிந்து. ஒன்று ஒருநாள் காலை காணோம்.

அடுத்தது ஊனப்பட்டவை. 2016 ஜூலையில் குன்றத்தூரில் மருத்துவ மாணவர் இருவர் மாடியிலிருந்து ஒரு நாயைத் தூக்கியெறிந்து அதைப் படமும் எடுத்தார்கள். அந்த வீடியோ பார்த்து நாடே கொதித்தது நினைவிருக்கும். அதே அளவு நினைவில் இல்லாத பகுதி அடுத்து நடந்தது. சில நாள் கழித்து அந்தப் பெட்டை நாய் அடிபட்ட முதுகோடும் முறிந்த காலோடும் உயிருடன் கிடைத்தது. பத்ரா என்று பெயரிட்டார்கள். மேலே சொன்ன ஆய்வாளரின் பெயரும் அதுவாக இருப்பது தற்செயல். அதைத் தேறவைத்த பின், விதிப்படி 'அதே இடத்தில்' கொண்டுபோய் விட்டிருக்க முடியுமா? ஒரு வீடு அதை ஏற்றது. மூன்று கால் நாய், கண் போன நாய், கைவிடப்பட்ட ஜாதி நாய் எல்லாம் இந்த வகை. தெரு இவற்றுக்குத் திரும்பும் இடமாக இல்லை.

வீடு ஏன் தூரத்தில்? பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், புரியும். "ஆணா பொட்டையா?" என்பது முதல் கேள்வி. "நாட்டு நாயா?" இரண்டாவது. "ஹவுஸ் ஓனர் விட மாட்டார்" மூன்றாவது, பெரும்பாலும் உண்மையான பதில். அரசாங்கமே சைதாப்பேட்டையில் பண்ணை வைத்து ராஜபாளையம் நாயைப் பெருக்கியது. அது நாட்டு நாய்தான், ஆனால் ஜாதி உள்ள நாட்டு நாய். டிரான்ஸ்பார்மர் அடியில் பிறந்ததற்கு அந்த மரியாதை கிடையாது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று தொடங்கும் பழமொழி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பெங்களூரில், கொஞ்சம் கோவையிலும், தெருநாயை வீட்டில் வளர்ப்பதைக் கௌரவமாக நினைக்கும் ஒரு வட்டம் உருவாகியிருக்கிறது. பூந்தமல்லி பெங்களூருக்கான வாசல். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அந்தக் கல்லூரிப் பெண்ணின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி: "இந்த வாரம் பெங்களூர் கார்ல போறவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஒரே ஒரு பேபி." குட்டிக்கு அங்கே 'பேபி' என்றுதான் பெயர். மூன்று மாதம் 'மணி'யாக இருந்தது, சுங்கச்சாவடி தாண்டியதும் 'கோகோ' ஆகிவிடும். 'மணி'யை ஏன் மாற்ற வேண்டும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ரயிலிலும் போகலாம். கார்டு பெட்டியில் 'டாக் பாக்ஸ்' என்ற இரும்பு அறை உண்டு. நாயோடு ஆளும் அதே ரயிலில் போக வேண்டும். அந்தப் பெட்டியைக் கதவு திறந்து ஒருமுறை பார்த்தேன். ஒரு நாய் திரும்பிப் படுக்கும் அகலம், கம்பி வலை, அடியில் துரு. தெருவில் வளர்ந்த பெரிய நாயை அதில் ஏற்றி இரவு முழுக்க வண்டிச் சத்தத்தில் கொண்டுபோனால் இறங்கும்போது அது பழைய நாயாக இருக்காது. அதனால்தான் கார் தேடுகிறார்கள். இறங்கிய பிறகும் கவனம் வேண்டும். மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் சொந்தம் என்பது இவர்களின் வாய்க்கணக்கு. வழவழத்த டைல்ஸ் தரையில் கால் வைக்க மறுக்கும், லிப்டைக் கண்டால் சிறுநீர் விடும். முதல் மூன்று நாளில் கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவிட்டால், அந்த அந்நிய ஊரில் அது கோணியில் போனதற்கு ஒப்புதான். நல்ல குழுக்கள் முதல் மாதம் தினம் ஒரு படம் கேட்கின்றன. முடியாவிட்டால் எங்களிடமே திருப்பிக் கொடுங்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று எழுதி வாங்குகின்றன. இதைச் செய்யாத குழுக்களும் இருக்கின்றன. கைமாறியதும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக்கொண்டு அடுத்த நாய்க்குப் போய்விடுவார்கள். அவர்கள் செய்வது சேர்ப்பதல்ல, படம் போட்டு விட்டுவருவது.

இன்னும் தூரம் போகிறவை உண்டு. இந்தியத் தெருநாய்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறியிருக்கின்றன. கேட்க அழகாக இருக்கும் இந்த வழி கடந்த சில ஆண்டுகளில் குறுகிவிட்டது. 2021 ஜூனில் அஜர்பைஜானிலிருந்து அமெரிக்கா போன 33 மீட்பு நாய்களில் ஒன்றுக்கு, புது வீட்டுக்குப் போனபின் வெறிநோய் கண்டது. அடுத்த மாதமே அமெரிக்கா, வெறிநோய் மிகுந்த நாடுகளிலிருந்து நாய் வருவதை நிறுத்தியது. 2024 ஆகஸ்ட் முதல் புது விதிகள்: ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்தால் கூடுதல் சான்றுகளும் வேண்டும். ஈரானிலிருந்து போன இரண்டு நாய்களால் ஒன்டாரியோவும் இதே பயத்தைக் கண்டது. 2022 செப்டம்பர் 28 முதல் கனடா, தத்துக்காக வரும் நாய்களை அந்த நாடுகளிலிருந்து அனுமதிப்பதில்லை. இந்தியாவும் பட்டியலில் இருக்கிறது. டொராண்டோவிலுள்ள தமிழர் தன் சொந்த வளர்ப்பு நாயைக் கூட்டிப்போகலாம். ஆவடியில் கண்ட குட்டியைத் தத்தெடுத்து வரவழைக்க முடியாது.

ஐரோப்பா திறந்திருக்கிறது, ஆனால் அதன் காலக்கணக்கைப் பாருங்கள். முதலில் சிப். சிப்புக்கு முன் போட்ட தடுப்பூசி செல்லாது. இந்த வரிசை தெரியாமல் ஊசியை முதலில் போட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கியவர்கள் உண்டு. பன்னிரண்டு வாரம் நிறைந்தபின் வெறிநோய் ஊசி. முப்பது நாள் கழித்து இரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பாற்றல் ஒரு மில்லிக்கு 0.5 அலகு இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. ஆக நாய்க்கு ஏழு மாதம் ஆகிவிடும். அதன்பின் மத்திய அரசின் குவாரன்டைன் அலுவலகச் சான்று, பெட்டி, சரக்குக் கட்டணம். அந்த ஏழு மாதமும் குட்டி யார் வீட்டில் இருக்கும்? தூரத்து வீட்டுக்கான தடை தூரத்தில் இல்லை, அம்பத்தூரில் ஒரு பால்கனி கிடைக்காததில் இருக்கிறது. தத்தெடுக்க ஆள் இருக்கிறார்கள், அதுவரை வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்பதைத்தான் இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் புலம்புகிறார்கள்.

ஒரு நாயை ஐரோப்பாவுக்கு அனுப்பும் செலவில் ஒரு வட்டாரத்துப் பெட்டைகள் எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்துவிடலாம் என்று ஒரு கட்சி உண்டு. கணக்கு சரி. ஆனால் அது ஒரே பணப்பை இல்லை. படத்தில் பார்த்த ஒரு முகத்துக்காகப் பணம் அனுப்புகிறவர், திருமுல்லைவாயலின் பெயர் தெரியாத நாற்பது பெட்டைகளுக்காக அனுப்ப மாட்டார். எனக்கு உறுத்துவது வேறொன்று. தமிழ்நாட்டில் 2024இல் நாய்க்கடிகள் 4.8 லட்சம், வெறிநோய்ச் சாவு 43. குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இலேயே வந்துவிட்ட மாநிலம் இது. நாய்ப்பிரியர்கள் இந்த எண்களைப் பேச விரும்புவதில்லை. பேசினால் நாயைக் கொல்லச் சொல்வதாகிவிடுமோ என்ற பயம். பேசாததால், கடிபட்ட பிள்ளையின் தாய்க்கு இவர்கள் பணக்காரப் பொழுதுபோக்குக்காரர்களாகத் தெரிகிறார்கள். மாநகராட்சி 2025 ஆகஸ்டில் தொடங்கிய பெருமளவு தடுப்பூசி வேலையில், எந்த நாய் எங்கே தூங்கும் என்று காட்டத் தெருவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அது தெரிந்தவர்கள் சோறு போடுகிறவர்கள்தான்.

அதே ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் விடுவதா சேர்ப்பதா என்ற குழப்பத்தில் சிக்கியது. டெல்லி நாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க 11ஆம் தேதி உத்தரவு. 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோயோ மூர்க்கமோ உள்ளவை தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்றும் சொன்னது. நவம்பர் 7இல் இன்னோர் உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களில் பிடித்தவற்றை அங்கே திருப்பி விடக் கூடாது. பிள்ளைகள் புழங்கும் இடம், நியாயம் புரிகிறது. ஆனால் அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தில் டீக்கடை பிஸ்கட்டில் வளர்ந்த கிழட்டு நாயை எங்கே சேர்ப்பது? காப்பகம் என்று தாளில் இருக்கிறது. கட்டடமாக இல்லாத இடத்தில் அந்த உத்தரவு செங்குன்றத்துக் கோணியாகவே முடியும். பத்து வயது நாய்க்கு வாட்ஸ்அப் குழுவில் 'பேபி' என்று போட்டாலும் கை தூக்க ஆள் வராது.

எங்கள் தெருவில் மிஞ்சியவை மூன்று. ஆண் குட்டியை டீக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். பெட்டை ஒன்று இஸ்திரி வண்டிக்கு அடியிலேயே தங்கிவிட்டது. செங்குன்றம் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. கடைசிக் குட்டி பெட்டை, தாயின் அச்சு. கல்லூரிப் பெண்ணின் பால்கனியில் ஏழு வாரம் இருந்து, இரண்டு ஊசி போட்டு, ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் யாரோ ஒருவருடைய காரின் பின்சீட்டில் பழைய பெட்ஷீட் விரித்துப் போயிற்று. கார் கிளம்பும்போது தாய் நாய் டிரான்ஸ்பார்மர் அடியில்தான் படுத்திருந்தது, தலை தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. பால் வற்றிய பின் மாநகராட்சி வண்டி வந்து அதைப் பிடித்துப்போயிற்று. ஆறாம் நாள் அதே வண்டி, அதே இடம். கதவைத் திறந்ததும் குதித்து, காதில் புது வெட்டோடு நேராக மணல் குவியலுக்குப் போய் மோந்து பார்த்தது. அதற்குள் வீட்டுக்காரர் மணலில் பாதியை அள்ளிவிட்டிருந்தார். மீதிப் பாதியில் சுற்றிச் சுற்றிக் காலால் பறித்து இடம் பண்ணிக்கொண்டது.